தலையில் ஐஸ், காலில் கம்பளி சாக்ஸ்: தலைக்காயத்துக்குப் பிறகு வரும் காய்ச்சல்

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்ட வகையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி, வயது 24, ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கித் தலையில் அடி. சேலத்தில் ஐசியுவில், வென்டிலேட்டரில் இன்று ஆறாம் நாள். மூன்று நாளாக 102 டிகிரி காய்ச்சல். உடம்பில் ஈரத்துணியைப் போட்டு ஃபேன் வைத்திருக்கிறார்கள், பாரசிட்டமால் ஏற்றுகிறார்கள். ஆனால் அதே நர்ஸ் காலில் கம்பளி சாக்ஸும் கையில் உறையும் மாட்டிவிட்டிருக்கிறார். வெளிநாட்டில் மூளையையே குளிரவைத்துப் பிழைக்க வைக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அந்த மெஷின் இருக்கும் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா, ஐஸ் பை வாங்கித் தலையில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஏற்காட்டுக் குளிரிலேயே வைத்திருந்தால் நல்லா இருந்திருக்குமே என்று உங்கள் மாமா சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். கேள்விகள் மூன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். செய்ய வேண்டிய எதையோ செய்யாமல் விட்டுவிட்டார்களோ என்ற பயம்.

நான் மயக்கவியல் படித்தவன். இருபது ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் வேலை, அதில் பெரும்பகுதி சேலத்தில். தொப்பூர் கணவாய், உளுந்தூர்பேட்டை ரோடு, ஏற்காடு மலைப்பாதை, இந்த மூன்று பக்கமிருந்தும் வரும் தலைக்காயங்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. உங்கள் தம்பியின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அவரைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. அதனால் அவர் பிழைப்பாரா, எப்படி எழுவார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. காய்ச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த சாக்ஸ். உங்களுக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு உங்கள் கடிதத்திலேயே நிம்மதி தந்த வரி அதுதான். அங்கே விஷயம் தெரிந்த ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். ஏன் என்று பிறகு வருகிறேன்.

நம் ஊரில் ‘சூடு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. உடம்புச் சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும், வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பதும், மண்டைச் சூடு என்று எலுமிச்சம்பழத்தை உச்சியில் தேய்ப்பதும் ஒரு வகை. தெர்மாமீட்டர் காட்டுவது இன்னொரு வகை. ஐசியு வாசலில் நிற்கும் பாட்டிகள் கொஞ்சம் நல்லெண்ணெய் வைத்துவிட்டுப் போகட்டுமா, தலை கொதிக்கிறதே என்று கேட்பார்கள். சிரிக்க மாட்டேன், ஆனால் வைக்கவும் விட மாட்டேன், தையல் போட்ட இடம் அது. நாம் இங்கே பேசுவது இரண்டாவது சூட்டைப் பற்றி மட்டும்.

மூளை உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்கிறது. சக்தி எரிந்தால் சூடு பிறக்கும். அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோவது ரத்தம். நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் மூளைக்குள் போய்வருகிறது. உள்ளே போகும் ரத்தம் மூளையைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி, திரும்பும் ரத்தம் கொஞ்சம் சூடு. அதனால் சாதாரண நாளிலேயே மூளை மற்ற உடம்பைவிட அரை டிகிரி போலச் சூடாகத்தான் இருக்கும். அடிபட்ட மூளையில் இந்த இடைவெளி ஒரு டிகிரிக்கு மேலும் போவதை, மூளைக்குள்ளேயே நுண்கம்பி வைத்து அளந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதாவது சிறுநீர்ப்பையிலோ உணவுக்குழாயிலோ வைத்த கருவி 39 டிகிரி செல்சியஸ் காட்டினால், மூளை அதற்கும் மேலே இருக்கலாம். நீங்கள் சொல்லும் 102 ஃபாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 38.9 செல்சியஸ். இனி செல்சியஸிலேயே எழுதுகிறேன், ஐசியுவில் அதுதான் வழக்கம்.

ஐஸ் பைக்கான பதிலும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஓடுகிற வாய்க்காலின் கரையில் ஐஸ் கட்டியை வைத்தால் தண்ணீர் குளிருமா? தோல், மண்டை ஓடு எல்லாம் தாண்டி, வளர்ந்த ஆளுக்கு, வெளியே வைத்த குளிர் மூளையின் மேல் விளிம்பைத்தான் தொடும். அதற்குள் 37 டிகிரி ரத்தம் வந்து அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். மூளையைக் குளிர்விக்க வேண்டுமென்றால் உடம்பிலுள்ள ரத்தம் முழுவதையும் குளிர்விக்க வேண்டும். தலையில் மாட்டும் குளிர் தொப்பிகளும் மூக்கு வழியாகக் குளிர்விக்கும் கருவிகளும் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. தலைக்காயத்துக்கு அவை வழக்கமான சிகிச்சையாக ஆகவில்லை. ஐஸால் கெடுதலும் உண்டு. நினைவில்லாதவருக்குச் சுடுவதும் தெரியாது, உறைவதும் தெரியாது. சொந்தக்காரர் ஒருவர் பாசத்தில் தலையணைக்குள் ஒளித்துவைத்துவிட்டுப் போன ஐஸ் பையால் காதுக்குப் பின்னால் தோல் செத்துப்போன ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். கழுத்தைச் சுற்றி இறுக்கமாக எதைக் கட்டினாலும் மூளையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறும். ஆகவே ஐஸ் பை வாங்க வேண்டாம்.

மாமா சொன்னதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலத்தில் மே மாதம் 40 தொடும்போது அங்கே மாலையில் சால்வை தேவைப்படும், எல்லாம் சரி. ஆனால் ஏற்காட்டில் இருப்பவருக்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருப்பவருக்கும் ரத்தம் ஒரே 37தான். வெளிக்காற்றின் குளிர் காய்ச்சலை இறக்காது. மலைக் குளிர் தலைக்காயத்துக்கு எதிரியாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மார்கழி ராத்திரியில் வளைவில் விழுந்து, பனியில் நனைந்த துணியோடு, யாரும் பார்க்காமல் விடியும்வரை கிடந்து, 34 டிகிரியில் வந்து சேர்பவர்கள் உண்டு. அந்தக் குளிரை யாரும் சிகிச்சை என்று நினைத்துவிடக் கூடாது. உடம்பு அந்த அளவு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. மூளைக்குள் கசியும் ரத்தமும், உடைந்த தொடையில் கசியும் ரத்தமும் எளிதில் நிற்காது. அப்படி வருபவருக்கு நாங்கள் முதலில் செய்வது ஈரத்துணியை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பளி போர்த்துவதும் டிரிப்ஸைச் சூடாக்கி ஏற்றுவதும்தான்.

சரி, வெளிநாட்டில் குளிரவைக்கிறார்கள் என்று படித்தது பொய்யா? பொய் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் வேறு நோயாளிகளைப் பற்றியது, நீங்கள் படித்ததும் பாதிக் கதைதான். 1930களின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் ஃபே என்ற மூளை அறுவை மருத்துவர் நோயாளிகளை நாள்கணக்கில் குளிரவைத்துப் பார்த்தார். அதன்பிறகு ஆய்வுக்கூட எலிகளில் நம்ப முடியாத அளவு நல்ல முடிவுகள். 1997இல் பிட்ஸ்பர்க்கில் 82 தலைக்காய நோயாளிகளிடம் செய்த ஆய்வில், நடுத்தர ஆழத்தில் நினைவிழந்தவர்கள் குளிரவைத்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று தெரிந்தது. 2002இல் இதயம் நின்று மீண்டவர்களை 32 முதல் 34 டிகிரிக்குக் குளிரவைத்தால் மூளை பிழைக்கிறது என்று ஒரே நாளில் இரண்டு ஆய்வுகள் வந்தன. நான் பயிற்சியில் இருந்த காலம் அது. எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை.

அப்போது நான் இருந்த மருத்துவமனையில், ஊரும் பேரும் வேண்டாம், மெஷின் எதுவும் கிடையாது. ஒரு கல்லூரிப் பையன், உங்கள் தம்பி வயது. மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வரவழைத்து, அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்து, குளிர்ந்த சலைன் ஏற்றி, ராத்திரி பூராவும் நின்று 33க்கு இறக்கினோம். பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாகியது. மூன்றாம் நாள் நெஞ்சில் சளி. அன்று ராத்திரி ஐஸ் தீர்ந்துபோனது, மார்க்கெட் பூட்டியிருந்தது. மணிக்குக் கால் டிகிரிக்கு மேல் ஏறாமல் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டியவன், நான்கு மணி நேரத்தில் தானாகவே 37ஐத் தாண்டிவிட்டான். விடியும்போது ஒரு கண்ணின் பாவை விரிந்துவிட்டது, மண்டைக்குள் அழுத்தம் எல்லை மீறியதன் அடையாளம் அது. குளிரவைத்ததுதான் அவனைக் கொன்றது என்று என்னால் சொல்ல முடியாது. அவன் மூளையில் அடி அவ்வளவு மோசம். குளிரவைக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றும் சொல்ல முடியாது. ஒரு நோயாளியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதால்தான் நூற்றுக்கணக்கானவர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகள் வேண்டியிருக்கின்றன.

அந்த ஆய்வுகள் வந்தன. 2001லேயே அமெரிக்காவில் 392 தலைக்காய நோயாளிகளை 33 டிகிரிக்குக் குளிரவைத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை. நாங்கள்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2008இல் குழந்தைகளிடம் செய்ததிலும் பலன் இல்லை, கெடுதலின் சாயல் இருந்தது. 2015இல் யூரோதெர்ம் என்ற ஆய்வு. மண்டைக்குள் அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல் ஏறிய 387 பேரை எடுத்துக்கொண்டார்கள். குளிரவைத்த தரப்பில் ஓரளவு நல்லபடியாகத் தேறியவர்கள் நூற்றுக்கு 26 பேர், வழக்கமான சிகிச்சை பெற்ற தரப்பில் 37 பேர். கெடுதல் தெரிந்து ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2018இல் போலார் ஆய்வு, 511 பேர். அடிபட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே குளிரவைக்கத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தது. இரண்டு தரப்பிலும் நூற்றுக்கு 49 பேர் தேறினார்கள், ஒரு வித்தியாசமும் இல்லை. இதயம் நின்றவர்களின் கதையும் மாறிவிட்டது: 2013இல் 33 டிகிரியும் 36 டிகிரியும் ஒன்றுதான் என்று தெரிந்தது. 2021இல் 1,850 பேரை வைத்துச் செய்ததில், குளிரவைப்பதும் காய்ச்சல் வராமல் காப்பதும் ஒரே பலன்தான் என்று தெரிந்தது.

நம் மண்ணுக்கே உரிய ஒரு பாடமும் இருக்கிறது, அதை நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை. பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளை பாதித்த பச்சிளம் குழந்தைகளைக் குளிரவைப்பது பணக்கார நாடுகளில் உயிர்காக்கும் சிகிச்சை, அதில் சந்தேகமில்லை. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள், ஹெலிக்ஸ் என்று பெயர். 2021இல் முடிவு வந்தது. குளிரவைத்த குழந்தைகளில் நூற்றுக்கு 42 இறந்தன, குளிரவைக்காதவற்றில் 31. அங்கே காப்பாற்றுவது இங்கேயும் காப்பாற்றும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வலிக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது இது. தலைக்காயத்தில் முன்னெச்சரிக்கையாக 33, 34 டிகிரிக்குக் குளிரவைப்பதால் பலன் இல்லை. வேறு எதற்கும் அடங்காத அழுத்தத்துக்குக் கடைசிக் கட்ட ஆயுதங்களில் ஒன்றாக, 35, 36 வரை மட்டும் இறக்குவதற்கு இன்னும் இடம் வைத்திருக்கிறார்கள். அதற்கு மண்டைக்குள் அழுத்தமானி இருக்க வேண்டும், அது நாளுக்கு நாள் கவனித்து எடுக்கும் முடிவு.

காய்ச்சல் கெடுதல் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. மூளையின் சூடு ஒரு டிகிரி ஏறினால் அதன் தீனித் தேவை பத்தில் ஒரு பங்கு வரை ஏறுகிறது. அடிபட்ட மூளைக்கு ரத்த வரத்து ஏற்கெனவே தட்டுப்பாடு. ரேஷன் குறைந்த வீட்டில் விருந்தாளி வந்த கதை. கூடுதல் தீனிக்காகக் கூடுதல் ரத்தம் உள்ளே வரும். மண்டை ஓடு விரியாத பெட்டி, ஆகவே அழுத்தம் ஏறும். ரத்தக் குழாய்ச் சுவர் கசிந்து வீக்கமும் கூடும். காய்ச்சல் அதிகம் அடித்தவர்கள் மோசமாகத் தேறுகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

சந்தேகம் அடுத்த படியில்தான் வருகிறது. காய்ச்சலை இறக்கினால் நோயாளி நன்றாகத் தேறுகிறாரா? ஆம் என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது, ஆனால் நிரூபணம் இல்லை. 2024இல் வந்த இன்ட்ரெபிட் ஆய்வில் பக்கவாதமும் மூளை ரத்தக்கசிவும் வந்த 677 பேர் இருந்தார்கள். ஒரு தரப்புக்கு உடம்பில் ஒட்டும் ஜெல் பட்டைகள் கொண்ட மெஷினால் காய்ச்சலே வராமல் பார்த்துக்கொண்டார்கள், இன்னொரு தரப்புக்கு வந்தபின் வழக்கமான வைத்தியம். மெஷின் காய்ச்சலைப் பாதியாகக் குறைத்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் ஒரே நிலையில் இருந்தார்கள். அதில் விபத்துக் காயம் சேராது என்பதால் உங்கள் தம்பிக்கு நேராகப் பொருந்தாது. ஆனாலும் மெஷின் இல்லையே என்று நீங்கள் தூக்கம் கெட வேண்டாம் என்று சொல்ல அது போதும். வல்லுநர்கள் கூடி 36 முதல் 37.5 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது என்று சொல்கிறார்கள். நானும் அதைத்தான் குறி வைக்கிறேன். அது அனுபவமும் ஊகமும் சேர்ந்த எண், ஆய்வு தந்த எண் இல்லை.

இப்போது சாக்ஸுக்கு வருகிறேன். மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற பகுதிதான் உடம்பு எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. காய்ச்சல் என்றால் அது குறியை 37லிருந்து 39க்கு உயர்த்திவிட்டது என்று பொருள். நீங்கள் வெளியிலிருந்து 38க்கு இறக்கினால், உடம்பு குளிர் அடிப்பதாக நினைத்து நடுங்கத் தொடங்கும். நடுக்கம் என்பது தசைகள் சூடு உண்டாக்கும் வேலை. அப்போது உடம்பின் ஆக்சிஜன் செலவு இரண்டு மூன்று மடங்காகும். மூளைக்கு மிச்சப்படுத்த நினைத்ததை எல்லாம் தசை தின்றுவிடும். ஐஸ் தண்ணீரில் துடைத்தால் இன்னும் மோசம்: தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்சூடு வெளியே வராமல் பூட்டிக்கொள்ளும், மேலே தொட்டால் ஜில், உள்ளே 39. அதனால்தான் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியும் ஃபேனும். சேலத்தின் வறண்ட வெயிலில் மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே முறை: நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அது ஏழைகளின் வைத்தியம் இல்லை, சரியாகச் செய்தால் நன்றாகவே வேலை செய்யும். கையும் காலும் குளிரைச் சீக்கிரம் மூளைக்குச் சொல்லும் இடங்கள். அவற்றை மட்டும் கதகதப்பாக வைத்தால் ஹைபோதலாமஸ் ஏமாந்து நடுக்கத்தைக் குறைக்கும். நல்ல நர்ஸ் தாடையிலும் கழுத்திலும் கைவைத்துப் பார்ப்பார், நடுக்கம் முதலில் அங்கேதான் மெல்லிய அதிர்வாகத் தெரியும். இசிஜி கோட்டில் மயிர் முளைத்த மாதிரி தெரியும். சாக்ஸ் போதாவிட்டால் மெக்னீசியம், மயக்க மருந்து என்று அடுத்தடுத்த படிகள் உண்டு.

பாரசிட்டமால் அந்தக் குறியையே கீழே இறக்க முயலும் மருந்து. உண்மையைச் சொன்னால், மூளைக்காயத்தில் அது தனியாக அரை டிகிரிக்குமேல் இறக்கினால் அதிர்ஷ்டம். ஒரு நாளைக்கு நான்கு கிராமுக்கு மேல் போனால் ஈரல் கெடும். நரம்பில் வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் சரியும், தலைக்காயத்தில் அது காய்ச்சலைவிட ஆபத்து. ஆகவே இன்னும் கொடுங்கள் என்று நச்சரிக்க வேண்டாம்.

இவ்வளவு எழுதியும் நான் முக்கியம் என்று நினைப்பதை இன்னும் சொல்லவில்லை. ஆறாம் நாள் தலைக்காயக்காரருக்குக் காய்ச்சல் என்றால், எப்படி இறக்குவது என்பதைவிட எங்கிருந்து வருகிறது என்பதுதான் பெரிய கேள்வி. என் வார்டில் காலை ரவுண்டில் பாதி நேரம் இதற்குத்தான் போகும். மூளைக்குள் கசிந்த ரத்தமே ஹைபோதலாமஸைக் கிளறிவிட்டுக் காய்ச்சல் தருவது உண்டு. அது பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் தொடங்கும், பாரசிட்டமாலுக்கு மசியாது, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே கோடாக அடிக்கும். உங்கள் தம்பிக்கு மூன்றாம் நாளுக்குப் பிறகு தொடங்கியிருப்பதால் கிருமித் தொற்றைத்தான் நான் முதலில் தேடுவேன். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நுரையீரல் முதல் சந்தேகம். சளியின் நிறமும் அளவும் மாறியதா, எக்ஸ்ரேயில் புதிதாக வெள்ளை படர்ந்ததா என்று பார்ப்பேன். பிறகு சிறுநீர்க் குழாய், மருந்து ஏற்றக் கழுத்து நரம்பில் போட்ட குழாய், தையல் புண். மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தது என்றால் மூளை உறையில் தொற்றா என்று பார்ப்பேன். கெண்டைக்காலில் ரத்தக் கட்டி. வலிப்பு வராமல் இருக்கக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன் போன்ற மருந்தே சிலருக்குக் காய்ச்சல் தரும். அதில் 39.4 காட்டும், ஆனால் ஆள் அவ்வளவு வாடியிருக்க மாட்டார். அது பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் வரும். டெங்கு சீசன் என்றால் அதுவும். எஸ்டேட்டில் வேலை செய்பவர், புதருக்குள் ராத்திரி கிடந்தவர் என்றால் அக்குளிலும் தொடை இடுக்கிலும் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுவேன். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் நம் மலைப்பக்கம் உண்டு, டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் போகும். தேடாவிட்டால் ஆளையே கொண்டுபோகும்.

இன்னொன்றும் இருக்கிறது, அது சொந்தக்காரர்களை ரொம்பப் பயமுறுத்தும். திடீரென்று காய்ச்சல் ஏறும், வேர்த்துக் கொட்டும், நாடி 150 ஓடும், பிரஷர் ஏறும், கை கால் விறைத்துக்கொள்ளும், அரை மணியில் அடங்கும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை வரும். தொற்று இல்லை, வலிப்பும் இல்லை. அடிபட்ட மூளை தன் நரம்புப் பிரேக்கை இழந்துவிட்டது. சளி உறிஞ்சும்போதும் திருப்பிப் படுக்கவைக்கும்போதும் தூண்டப்படும். இதற்கு ப்ரோப்ரனலால், குளோனிடின், காபாபென்டின் என்று மருந்துகள் இருக்கின்றன. ஆன்டிபயாடிக்கை மாற்றிக்கொண்டே போவதில் பயன் இல்லை. உங்கள் தம்பிக்கு இப்படி இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்க அனுமதி கேட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ரவுண்டு நேரத்தில் அது வராமலே போய்விடும்.

பெங்களூர் விஷயம். மெஷினுக்காக என்றால் வேண்டாம். இருநூறு கிலோமீட்டர், வென்டிலேட்டரோடு, ஒவ்வொரு வேகத்தடையிலும் மண்டைக்குள் அழுத்தம் குதிக்கும், மதிய வெயிலில் ஏசி சரியில்லாத ஆம்புலன்ஸ் என்றால் நீங்கள் தவிர்க்க நினைத்த சூட்டை நீங்களே ஏற்றுகிறீர்கள். ஆனால் இப்போது இருக்கும் இடத்தில் மூளை அறுவை மருத்துவர் இல்லை, ராத்திரி சி.டி. ஸ்கேன் எடுக்க முடியாது, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பும் வசதி இல்லை என்றால் மாற்றுவதைப் பற்றிப் பேசுங்கள். அதற்குச் சேலத்திலேயே, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட, இடங்கள் இருக்கின்றன. செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: விபத்தின் முதல் 48 மணி நேரத்துக்கு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனையா என்று பில் கவுண்டரில் கேளுங்கள். அதற்குப் பிறகான நாட்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

நாளை டாக்டரைப் பார்க்கும்போது ஐஸ் ஏன் வைக்கவில்லை என்று கேட்காதீர்கள். டெம்பரேச்சர் எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். அக்குளில் மட்டும் பார்க்கிறார்கள் என்றால், ஏசியிலும் ஈரத்துணியிலும் இருக்கும் ஆளுக்கு அது ஒரு டிகிரியோ அதற்கு மேலுமோ குறைத்துக் காட்டும். அக்குளில் 37.4, சிறுநீர்ப்பையில் 39 என்று ஒரே நேரத்தில் நானே பார்த்து ஏமாந்திருக்கிறேன். காய்ச்சல் எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள், கல்ச்சர் என்ன சொல்கிறது, மறுபடி சி.டி. எடுக்கத் தேவை இருக்கிறதா என்று கேளுங்கள். தம்பிக்கு முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், டிபி இருந்திருந்தால், சின்ன வயதில் வலிப்பு இருந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். உள்ளே போகும்முன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். திருநீறு பூச வேண்டுமென்று அம்மா ஆசைப்பட்டால் நர்ஸிடம் கேட்டுவிட்டு, தையலும் குழாயும் இல்லாத தோளில் பூசச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து போர்வை கொண்டுபோக வேண்டாம். சாக்ஸ் நனைந்திருந்தால் மட்டும் இன்னொரு ஜோடி வாங்கிக்கொண்டு போங்கள், கம்பளியே வாங்குங்கள்.